கிடங்கு தமிழ், விழிப்புரை எம்மொழி?

வணிகர் நாவிற் புரளும் 'குடோன்' என்னும் ஆங்கிலச்சொல், மலாய் வழியே மேற்றிசை சென்ற கிடங்கே என்பது சொல்லாய்வாளர் பலர்தம் கருத்து. கொடுத்த சொல்லைச் சிதைந்த வடிவில் திரும்பப்பெற்றுப் பெருமையாக ஒலிக்கும் பேதைமை ஒருபுறம் கிடக்க. இராயப்பேட்டை போன்ற கடைத்தெருக்களின் பின்கட்டுக் கிடங்கில் சுமை சரிந்து எலும்பு சிதைவானேன் என்பதே இங்குக் கேள்வி.

அட்டி சரிவது ஊழ்வினையால் அன்று. மூட்டைகளைச் செங்கற் கட்டடம்போல் மாற்றி மாற்றிப் பின்னி அடுக்காது நேர்மேல் ஏற்றினால் நிரல் பிளக்கும். அடிமூட்டை நனைந்தோ கிழிந்தோ இளகினால் மேலுள்ள அனைத்தும் சாயும். விரைவு கருதி இடையில் ஒன்றை உருவினும் அதுவே. நெடுவழி வந்த சரக்குந்திலோ சுமை ஓட்டத்திலேயே நகர்ந்து கதவின்மேற் சாய்ந்து நிற்கும். கதவைத் திறப்பவன் மார்பில்தான் அது இறங்கும். 50 கிலோ சிமிட்டி மூட்டை ஆளுயரத்தினின்று விழுந்தால் எந்தக் கழுத்து தாங்கும்?

ஓராள் சுமக்கும் எடை 55 கிலோவை மிஞ்சலாகாதெனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. ஆனால் எடை எவ்வளவு, எத்தனை அடுக்கு ஏற்றலாம், எப்பக்கம் மேல் என்பனவெல்லாம் பெட்டிகளிற் பெரும்பாலும் ஆங்கிலத்திலன்றோ உள்ளன! சிலவற்றில் இந்தி. தமிழ் மட்டுமே அறிந்து அடுக்குபவனுக்கு அவை வெறும் கோடுகள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிலகச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு தொழிலாளருட் பெரும்பாலார்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. நல்ல விதிதான், ஆயின் பொருளை ஆக்காது அடுக்கி மட்டும் வைக்கும் கிடங்கு அதன் வரம்பினுள் வரவில்லை. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் புதுத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதுவும் குறைந்தது பத்துப்பேர் பணிசெய்யும் இடங்களையே பெரிதும் பற்றும். நால்வரை வைத்து நடத்தும் பின்கட்டு மீண்டும் வெளியே!

கடை முகப்பில் தமிழ்ப்பலகை கண்டதும் கடமை தீர்ந்ததென மகிழ்ந்து திரும்பும் தமிழன்பர்கள் ஒருமுறையேனும் பின்வாயிலை எட்டிப் பார்த்ததுண்டா? முகப்புப் பலகை வாங்குவோனுக்கு வழிகாட்டும்; பெட்டிமேல் எழுதுவதோ சுமப்பவன் உயிரைக் காக்கும். இவற்றுள் எது முந்தியது?

இன்று அக்கிடங்குகளில் ஒடியா பேசுவோரும் இந்தி பேசுவோரும் மூட்டை சுமக்கின்றனர். அவர்க்கு அவர் மொழியிலும் விழிப்புரை எழுதுக. இதனாற் தமிழ் குறையாது. தாய்மொழி உரிமை தமிழனுக்கு மட்டும் என்பவன் திணிப்பை எதிர்க்கும் தகுதியை இழந்தவன்.

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் இயற்றப்பெற்றது. ஆயினும் சுமை விழுந்து இராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடங்களுக்குத் தூக்கிவரப்பெறுபவனின் நோய்க்குறிப்பு ஆங்கிலத்திலேயே எழுதப்பெறுகிறது. நாளை இழப்பீடு கேட்டு அவன் நீட்ட வேண்டிய சான்றும் அத்தாள்தான். தன் முறிவைப் பற்றி அதில் என்ன எழுதியுள்ளதென்று அவன் எவரைக் கேட்பான்? சுமையேற்றிய முதலாளியையா?