வெட்டுப்புள்ளியை வாசிக்கக் கற்போம்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளியான மறுநாள் காலையில் பிரட்டுக் களத்தில் வேலையைப் பற்றிய பேச்சு குறைவு. யாருடைய பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்பதுதான் பேச்சு. இரவெல்லாம் கைத்தொலைபேசியில் சுட்டெண்ணை அடித்து அடித்துப் பார்த்த களைப்பு எல்லோர் முகத்திலும் தெரியும். சில தாய்மார் கூடையை மாட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு மலைக்குப் போவார்கள். சிலர் யாரோடும் பேசாமல் நிரையில் போய் நின்றுகொள்வார்கள்.

அப்படி ஒரு காலையில் ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: “சேர், மக ஃபெயிலாப் போயிட்டா. நூத்தி முப்பத்தெட்டுதான்.”

200 புள்ளிக்கு 138 எடுத்த பிள்ளையைத்தான் அவர் அப்படிச் சொன்னார். கொழும்பில் வேலை செய்யும் அவருடைய தம்பி இரவு தொலைபேசியில் அழைத்து, வெட்டுப்புள்ளி அதைவிடக் கூட என்று சொல்லிவிட்டாராம். தம்பி பார்த்தது கொழும்பு மாவட்டத்துச் சிங்கள மொழிமூல வெட்டுப்புள்ளியை. பிள்ளை எழுதியது மலையகத்து மாவட்டம் ஒன்றில், தமிழ் மொழிமூலத்தில். அதற்குரிய வெட்டுப்புள்ளியை அவள் தாண்டியிருந்தாள். அது தெரியாமல் அந்த வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியவில்லை. பிள்ளை அழுது அழுது காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

இந்தத் தாயைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. சம்பளச் சிட்டையில் எந்த எண் எதற்குக் கழிக்கப்படுகிறது, ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு போகிறது என்று நமது ஆட்களுக்கு ஒரு காலத்தில் தெரியாமல் இருந்தது. சங்கம் கிளை கிளையாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது. இன்று படிக்காத பாட்டிகூட சிட்டையை விரித்து, “இது என்னாத்துக்கு வெட்டினீங்க?” என்று அலுவலகத்தில் கேட்கிறார். பிள்ளையின் பெறுபேற்றைப் பற்றி அப்படி உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க நாம் இன்னும் தொடங்கவில்லை. குறை நம்முடையது.

முதலில், நமது பெற்றோர் காதில் விழுவது ஒரு எண் அல்ல, மூன்று எண்கள். மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் இத்தனை கண்ணீர்.

முதலாவது எண் 70. இரண்டு வினாத்தாள்களுக்கும் சேர்த்து மொத்தம் 200 புள்ளி. அதில் 70உம் அதற்கு மேலும் பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாகக் கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். பிள்ளை ஆரம்பப் பிரிவில் கற்க வேண்டியதை ஓரளவு கற்றிருக்கிறதா என்று பார்க்க இந்த எண் உதவும். 70 எடுத்த பிள்ளைக்குப் பணமோ புதுப் பாடசாலையோ இதனால் கிடைக்காது. ஆனால் அந்தப் பிள்ளையை ‘ஃபெயில்’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது எண் மாவட்ட வெட்டுப்புள்ளி. பரீட்சைத் திணைக்களம் பெறுபேற்றோடு வெளியிடுவது இதைத்தான். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஒரே மாவட்டத்திலும் சிங்கள மொழிமூலத்துக்கு ஒன்று, தமிழ் மொழிமூலத்துக்கு இன்னொன்று. இதைத் தாண்டிய பிள்ளை புலமைப்பரிசில் பணத்துக்குத் தகுதி பெறுகிறது. அப்போதும் பெற்றோரின் வருமானம் பார்க்கப்படும்.

மூன்றாவது எண் பாடசாலை வெட்டுப்புள்ளி. தரம் 6க்கு எந்தப் பாடசாலை எத்தனை புள்ளி வரை பிள்ளைகளை எடுக்கிறது என்பதைக் கல்வி அமைச்சு பின்னர் தனியாக வெளியிடும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி போன்ற நகரங்களில் உள்ள பெயர்பெற்ற பாடசாலைகளுக்குப் போவதைத் தீர்மானிப்பது இந்த எண்தான். மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்குக்கூடக் கேட்ட பாடசாலை கிடைக்காமல் போவது இதனால்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்று அதிபரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னர் இந்த இரண்டு எண்ணும் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, இந்த வெட்டுப்புள்ளி எப்படி வருகிறது? நமக்குத் தெரிந்த கொழுந்து நிறுவையை வைத்தே சொல்லலாம். இன்றைக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்பது மலைக்குப் போகும்போதே நமக்குத் தெரியும். வெட்டுப்புள்ளியையும் நமது ஆட்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். யாரோ முன்கூட்டியே ஒரு கிலோக் கணக்கை வைத்துவிட்டார்கள், நம் பிள்ளை அதை எடுக்கவில்லை, ஆகவே அது அரைப் பேர் என்று நினைக்கிறார்கள்.

உண்மையில் பரீட்சை எழுதும் நாளில் அந்த எண்ணே கிடையாது. எல்லோருடைய கொழுந்தையும் நிறுத்து முடித்த பிறகு, கூடுதலாக எடுத்தவரில் தொடங்கி வரிசையாக நிற்க வைத்து, “வண்டியில் 40 பேருக்குத்தான் இடம்” என்று சொல்லி 40ஆவது ஆளோடு கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும்? அந்த 40ஆவது ஆளின் கூடையில் இருந்த கிலோதான் வெட்டுப்புள்ளி.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு பாடசாலையில் தரம் 6இல் 40 இடம். கேட்டு விண்ணப்பித்தவர்கள் 300 பேர். வரிசையில் 40ஆவது பிள்ளையின் புள்ளி 151 என்றால் அந்த ஆண்டு அந்தப் பாடசாலையின் வெட்டுப்புள்ளி 151. மறு ஆண்டு வினாத்தாள் கடினமாக வந்து 40ஆவது பிள்ளை 139 எடுத்தால் வெட்டுப்புள்ளி 139. அதே பாடசாலை இன்னும் ஒரு வகுப்பறையைக் கட்டி 80 பேரை எடுத்தால் எண் இன்னும் கீழே இறங்கும். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். மாறியது வினாத்தாளும் இடங்களின் எண்ணிக்கையும்.

ஆகவே போன வருட வெட்டுப்புள்ளியைச் சுவரில் எழுதி வைத்து, “இதுக்கு மேல எடுக்கணும்” என்று பத்து வயதுப் பிள்ளையை மிரட்டுவதில் பயனில்லை. 150 எடுத்து வெளியே நின்ற பிள்ளைக்கும் 151 எடுத்து உள்ளே போன பிள்ளைக்கும் அறிவில் என்ன வித்தியாசம்? அந்த ஒரு புள்ளி ஒரு கதிரையின் கணக்கு.

இதைச் சரியாக வாசிக்காததால் நமது குடும்பங்கள் இழப்பது கொஞ்சமல்ல. கடந்த ஆண்டுகளில் நாம் நேரில் கண்டவை சில. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டதால் பாடசாலை தானாகவே கிடைத்துவிடும் என்று நம்பி, பாடசாலைத் தெரிவு விண்ணப்பத்தைப் பற்றி அதிபரிடம் கேட்காமலே இருந்துவிட்டார் ஒரு தகப்பன். கடைசித் திகதி போய்விட்டது. இன்னொரு வீட்டில், கேட்ட பாடசாலை கிடைக்கவில்லை என்றதும் பேசாமல் இருந்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்யலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது வீட்டில், புலமைப்பரிசில் பணத்தை நம்பி மகனை நகரத்தில் தங்க வைத்துப் படிக்க அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் கடன் ஏறி, பிள்ளை திரும்பி வந்துவிட்டான்.

அந்தப் பணம் எவ்வளவு? மாதம் 750 ரூபாவாக இருந்ததை 1500 ஆக்குவதாக 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தபோது நமது அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தோடு பார்த்தால் ஒரு மாதப் புலமைப்பரிசில், அன்று மலையில் போட்ட ஒரு பேரைவிடச் சற்றுத்தான் கூட. பஸ் செலவு, சப்பாத்து, விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் தாளில் எழுதிப் பார்த்த பிறகே பிள்ளையை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். பெயருக்காக அனுப்பித் திருப்பி அழைப்பது பிள்ளையை இரண்டு தடவை அடிப்பதற்குச் சமம்.

வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். நமது தோட்டப் பாடசாலைகளில் பல, தரம் 5உடன் முடிகின்றன. அங்கே படித்த பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தரம் 6க்கு வேறு பாடசாலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். “அதுக்குப் படிப்பு வரலை” என்று அந்த டிசெம்பரோடு வீட்டில் நிறுத்திவிடுவதும், தங்கையைப் பார்த்துக்கொள்ள வைப்பதும், இரண்டு வருடம் கழித்துக் கொழும்புக்குக் கடைக்கு அனுப்புவதும் இன்னும் முழுமையாக நிற்கவில்லை. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்த நாட்டின் சட்டம். தரம் 6இல் சேர்வதற்கு வெட்டுப்புள்ளி தேவையில்லை. தேர்ந்தெடுத்து எடுக்கும் பாடசாலைகளுக்குத்தான் அது தேவை. இந்த ஒரு வரியை ஒவ்வொரு லயத்திலும் சொல்ல வேண்டும்.

இந்த ஏணி யாருக்காகக் கட்டப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். கிராமத்து ஏழைப் பிள்ளையும் நல்ல பாடசாலைக்குப் போக வேண்டும் என்று சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1940களில் மத்திய கல்லூரிகளை விரிவாக்கினார். அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சேர்க்கப் புலமைப்பரிசில் வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. நமது பாடசாலைகளோ 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும் வரை தோட்ட நிர்வாகத்தின் கையில் கிடந்தன. மற்றவர்கள் ஏணியில் ஏறத் தொடங்கி ஒரு தலைமுறை போன பிறகுதான் நாம் அதன் அடிக்கு வந்தோம். அதனால்தான் இன்றும் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்கக்கூடிய தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் மலையகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவில் இருக்கின்றன. இடம் குறைவாக இருக்கும்வரை எண் உயரமாகத்தான் இருக்கும். பிள்ளையைத் திட்டி அந்த எண்ணை இறக்க முடியாது. வகுப்பறையும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் கேட்டுத்தான் இறக்க வேண்டும். அது கூட்டாகக் கேட்க வேண்டிய கோரிக்கை. சங்கம் இருப்பது அதற்காகத்தான்.

நமது சங்கத்தைப் பற்றியும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படத்தைப் போட்டுச் சந்தியில் பதாகை கட்டுகிறோம். அவர்களை மட்டும் மேடைக்கு அழைத்துப் புத்தகப் பை கொடுக்கிறோம். அதே லயத்தில், அதே விளக்கில் படித்து, நான்கு புள்ளி குறைவாக எடுத்த பிள்ளை அந்தப் பதாகைக்குக் கீழேதான் தினமும் நடந்து போகிறது. இதை நாமே பல வருடம் முன்னின்று செய்திருக்கிறோம். கைதட்டியும் இருக்கிறோம். இந்த ஆண்டு முதல் பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் அழைப்போம் என்று கிளைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எல்லோருக்கும் பை வாங்கப் பணம் போதாது என்றால் பை வேண்டாம், ஆளுக்கு ஓர் அப்பியாசக் கொப்பி போதும். பதாகைக் காசை மிச்சப்படுத்தினால் கொப்பிகள் வாங்கலாம்.

பெறுபேறு வந்த வாரத்தில் ஒவ்வொரு கிளையும் செய்ய வேண்டியவை இவை:

ஒன்று: வந்த மறுநாள் மாலை பிள்ளைக் காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ பெற்றோரைக் கூட்டி, நமது மாவட்டத்துத் தமிழ் மொழிமூல வெட்டுப்புள்ளியைக் கரும்பலகையில் எழுதி விளக்க வேண்டும். தோட்டத்தில் உள்ள ஆசிரியர் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம்.

இரண்டு: புள்ளியில் சந்தேகம் இருந்தால் மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசித் திகதி எது என்பதை அன்றே அதிபரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

மூன்று: பாடசாலைத் தெரிவு விண்ணப்பத்தில் எந்தப் பாடசாலைகளின் பெயரைப் போடுவது என்பதை, முந்தைய சில ஆண்டுகளின் பாடசாலை வெட்டுப்புள்ளிகளையும் தூரத்தையும் செலவையும் பார்த்துப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

நான்கு: பாடசாலை வெட்டுப்புள்ளி வந்த பிறகு, கிடைக்காதவர்களுக்கு மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்ப ஒருவர் உதவ வேண்டும். கைத்தொலைபேசியில் தேர்ந்த நமது இளைஞர்களுக்கு இது ஒரு மணி நேர வேலை.

ஐந்து: தரம் 5 முடித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி, தரம் 6இல் எங்கே சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். எதிரே வெறுமையாக இருக்கும் பெயரின் வீட்டுக்குத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் நேரில் போக வேண்டும்.

அந்தத் தாயிடம் அன்று காலை நாங்கள் கைத்தொலைபேசியை வாங்கி, சரியான வரியைத் தேடிக் காட்டினோம். அவர் எண்ணை இரண்டு தடவை வாசித்துவிட்டு, “அப்ப அவ அழுததெல்லாம் சும்மாவா சேர்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. புள்ளி குறைந்திருந்தாலும் அவள் அழுதிருக்கத் தேவையில்லை என்பதை அன்று சொல்லத் தோன்றவில்லை. இன்று அந்தத் தாய்க்கும் மற்ற எல்லாப் பெற்றோருக்கும் அதைச் சொல்கிறோம்.