புத்தரின் பிள்ளை

திபேத்து என்றதும் லாஸா நகரமும் பனிமலைகளும் ஜபச் சக்கரம் சுழற்றும் லாமாக்களுமே நம் மனக்கண் முன் தோன்றுவது வழக்கம். லாஸாவுக்கு வெகு தூரம் வடகிழக்கே, கோகோநார் ஏரிக்கு அப்பால், வர்த்தகத்தினால் செழித்த திபேத்திய ராஜ்யம் ஒன்று இருந்தது. அதன் பெயர் ஸோங்கா.

9-ம் நூற்றாண்டின் நடுவில் திபேத்தியப் பேரரசு சிதறிப் போயிற்று. கீழ் எல்லையிலிருந்த குலத்தார் ஒருவரோடொருவர் பொருது காலங் கழித்தனர். அவர்களை ஒன்றுசேர்க்க வாள் மட்டும் போதவில்லை. பழைய ராஜ வம்சத்து வாரிசு ஒருவன் வேண்டியிருந்தது. 997-ல் பிறந்த அத்தகைய சிறுவன் ஒருவனை, அவனுடைய பன்னிரண்டாம் வயதில், ஹேசௌ என்னும் ஊர்ப் பிரயாணி ஒருவன் மேற்கேயிருந்து அழைத்து வந்தான். ஜனங்கள் அவனைக் குஸிலோ என்றழைத்தார்கள். 'புத்தரின் பிள்ளை' என்று அதற்குப் பொருள் சொல்லுகிறது சீனச் சரித்திரம்.

பெயர் பெரிது, நிலைமையோ பரிதாபம்! பிரபுக்கள் அவனை முத்திரை மோதிரம்போல் கையில் வைத்துக்கொண்டு தாங்களே அதிகாரம் செலுத்தினார்கள். வென் புசி என்ற மந்திரி ஒருநாள் அரசனையே பிடித்துப் பள்ளத்தில் அடைத்து விட்டான். காவற்காரன் ஒருவன் இரகசியமாக வெளியே விட்டிராவிட்டால் கதை அத்துடன் முடிந்திருக்கும். வெளிவந்த குஸிலோ படை திரட்டித் துரோகியைக் கொன்று, சிங்டாங் நகரில் போய் அமர்ந்தார். அன்றுதான் அவர் மெய்யாகவே அரசரானார் எனலாம்.

1035-ல் டாங்குட் அரசன் யுவான்ஹாவ் பெருஞ் சைன்யத்துடன் வந்தான். ஆற்றைக் கடக்கும்போது ஆழமில்லாத இடங்களில் அடையாளமாகக் கொடிகளை நட்டான். குஸிலோ ஆட்களை அனுப்பி அவற்றைப் பிடுங்கி ஆழமான இடங்களில் நடச் செய்தார். தோற்றோடிய வீரர்கள் கொடிகளை நம்பி இறங்கிப் பெரும்பாலோர் மூழ்கி மாண்டார்கள். கொடூரமான யுக்திதான், ஆனால் சிறிய ராஜ்யம் பிழைத்தது.

பகைவன் மற்றொரு வகையிலும் உபகாரியானான். பழைய பட்டுப் பாதையை அவன் கைப்பற்றியதும், மேற்றிசை வணிகர்கள் சிங்டாங் வழியாகத் திரும்பினார்கள். செல்வம் தானே வந்து சேர்ந்தது. சீனத்து ஸுங் அரசருக்குப் போர்க்குதிரை தேவை. திபேத்தியருக்குத் தேயிலை தேவை. காலைக் காப்பி தாமதமானால் நம் வீடுகளில் நடப்பதை எண்ணினால், தேயிலைக்குக் குதிரை கொடுத்தவர்களைப் பரிகசிக்கத் தோன்றாது. 1074-ல் ஸுங் அரசாங்கம் இவ்வியாபாரத்துக்கென்றே தனி இலாகா ஒன்றை ஏற்படுத்தியது.

நகரத்துக் கட்டடங்களில் பாதி புத்தாலயங்கள். அரசரின் கொலுமண்டபத்துக்கும் ஆலயங்களுக்கும் மட்டுமே ஓட்டுக்கூரை. அரசர் குடியிருந்த அறைகளுக்குக்கூட மண் கூரைதான். முக்கியமான காரியங்களைப் பிக்ஷுக்கள் கூடித் தீர்மானித்தார்கள். அரசுரிமைக்கு வம்சமும் ஒற்றுமைக்கு மதமும் பொக்கிஷத்துக்கு வணிகரும் உதவினர்.

1065-ல் குஸிலோ காலமானார். மக்கள் ராஜ்யத்தைப் பங்கு போட்டுப் பிரிந்தார்கள். ஸுங் படை 1099-ல் சிங்டாங்கைப் பிடித்து, தக்கவைக்க முடியாமல் பின்வாங்கி, 1104-ல் மறுபடியும் பிடித்தது. வென்றவர்கள் அதற்கு 'மேற்கே அமைதி' என்று பொருள்படும் ஸீனிங் என்ற பெயரைச் சூட்டினார்கள். அப்பெயரே இன்றும் வழங்கி வருகிறது.