யோசிக்காதே என்னும் உபதேசம்

நம் நாட்டில் காசு கொடுக்காமல் கிடைக்கும் சரக்கு ஒன்று உண்டு. அதற்கு உபதேசம் என்று பெயர். திண்டுக்கல் பூட்டுப் பட்டறைத் தொழிலாளியானாலும் சரி, வேடசந்தூர்ப் பக்கத்தில் கிணறு வற்றிப்போன சம்சாரியானாலும் சரி, மனம் சோர்ந்து, "எல்லாம் என்னால்தான் கெட்டது" என்று இரவும் பகலும் ஒன்றையே அரைத்துக்கொண்டிருந்தால், ஊரார் சொல்வது இதுதான்: "சும்மா இருந்தால் கண்டதும் தோன்றும். யோசிக்காதே, வேலையைப் பார்!"

இதில் பாதி வாஸ்தவம், அதுதான் ஆபத்து. மனிதன் சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. நெற்றிக்குப் பின்னும், மூளையின் நடுவே பின்பக்கமும் உள்ள சில பகுதிகள் அப்போதுதான் சுறுசுறுப்படைகின்றன. வேலை வந்ததும் தணிகின்றன. 2001-இல் அமெரிக்க விஞ்ஞானி மார்க்கஸ் ரைக்கிளும் சகாக்களும் இதை விளக்கினார்கள். 'டீஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்பது இந்த வலையின் பெயர். பழையதை நினைப்பதும், நாளையை எண்ணுவதும், 'நான்' என்பதை அளப்பதும் இதன் உத்தியோகம். மனச்சோர்வு நோயாளியின் ஓயாத நினைப்புக்கும் இந்த வலைக்கும் சம்பந்தம் உண்டென்று பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அவனுக்கு வேலை வந்தாலும் நினைப்பு விடுவதில்லை. கை சுத்தியலைப் பிடித்திருக்கும். மனம் பழைய கணக்கையே புரட்டிக்கொண்டிருக்கும்.

இதைக் கேட்டு, "மண்டையைப் படம் பிடித்து நோயைச் சொல்கிறேன்" என்று எவராவது கடை விரித்தால், அவரையும் நம்பாதீர்கள். 2019-இல் வெளிவந்த சீன ஆராய்ச்சி ஒன்றில், 1,300 நோயாளிகளைப் பார்த்ததில், நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் இந்த வலையின் உள்ளிணைப்பு குறைந்திருந்தது. அதிகமென்று சொன்ன ஆராய்ச்சிகளும் முன்பே உண்டு. விஷயம் இன்னும் தீரவில்லை.

ஆனால் 'யோசிக்காதே' என்பது பலிக்காது என்பது தீர்ந்த விஷயம். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதை நமக்குப் பழசு. 1987-இல் டேனியல் வெக்னர் என்பவர் கல்லூரி மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். கரடி வந்துகொண்டே இருந்தது!

ஆகவே, உபதேசிகளே, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவன் சொல்வதைக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மருந்தும் உண்டு, சுழலும் நினைப்பிலிருந்து மெல்ல வெளியே வரப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையும் உண்டு. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இலவசமாகவே கிடைக்கிறது.

காய்ச்சல்காரனைப் பார்த்து, "உடம்பு சுடாதே" என்று யாரும் அதட்டுவதில்லையே!