ஈகையா, கப்பமா?

‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. சிக்கனத்தின் அருமையை உணர்த்துவதற்காக அது எழுந்திருக்கலாம். நாளடைவில் அது, கொடாதவன் தன் மனச்சான்றைத் தூங்கவைக்கப் பாடும் தாலாட்டாகிவிட்டது. மிஞ்சியதைக் கொடுப்பவன் இழப்பதுதான் என்ன? தன் இலையில் பரிமாறிய சோற்றிலிருந்தே ஒரு பிடி எடுத்து அடுத்தவன் இலையில் வைப்பவனைப் பற்றி இப்பழமொழிக்குச் சொல்ல எதுவும் இல்லை.

அப்படி எடுத்து வைத்தவர்கள் சிலரைப் பற்றியே இங்குப் பேச விழைகிறேன். அவர்கள் துறவிகள் அல்லர், வறியவர்களும் அல்லர். நல்ல ஊதியம் பெறும் விமானிகள்.

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகை முடக்கியபோது வானமும் வெறிச்சோடியது. அமெரிக்க அரசு, விமான ஊழியர்களின் ஊதியத்திற்கென்றே பயணிகள் விமான நிறுவனங்களுக்கு 2,500 கோடி டாலர் ஒதுக்கியது. செப்டம்பர் 30 வரை எவரையும் வேலையைவிட்டு நீக்கலாகாது என்பது அதன் நிபந்தனை. அக்கெடு முடிந்த மறுநாளே, அக்டோபர் முதல் நாளில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 19,000 பேரையும், யுனைடெட் 13,000 பேரையும் வெளியேற்றத் தொடங்கின.

ஆனால் யுனைடெட் வெளியேற்றியோர் பட்டியலில் விமானிகள் இல்லை. ஏறத்தாழ 2,850 விமானிகள் நீக்கப்படவிருந்தனர். அந்நாளுக்கு முன்பே விமானிகள் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி, இருக்கும் பறப்பு மணிகளைக் குறைத்துப் பகிர்ந்துகொள்ள இசைந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் திங்கள் வரை ஒருவரையும் நீக்குவதில்லை என்பது அதற்கு ஈடாக அவர்கள் பெற்ற உறுதி. டெல்டா நிறுவனத்தில் ஏறத்தாழ 1,700 இளைய விமானிகளின் வேலை ஊசலாடியது. அங்கும் நவம்பர் திங்களில், மாதந்தோறும் உறுதியளிக்கப்பட்ட ஊதிய மணிகளில் 5 விழுக்காட்டை விமானிகள் விட்டுக்கொடுத்தனர். 2022ஆம் ஆண்டின் தொடக்கம் வரை ஆட்குறைப்புத் தவிர்க்கப்பட்டது. கடலுக்கு அப்பால் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தில் 1,255 விமானிகளின் வேலை ஆபத்தில் இருந்தது. எல்லோருமாக 20 விழுக்காடு ஊதியக் குறைப்பை ஏற்றனர். ஈராண்டில் அது 8 விழுக்காடாகக் குறையும் என்பது உடன்பாடு. இறுதியில் வேலையிழந்தவர்கள் 270 பேர். மேலும் 300 பேரைக் குறைந்த ஊதியத்தில், மீண்டும் அழைக்கும் நாளுக்காக, நிறுவனத்திலேயே தக்கவைத்துக்கொண்டனர்.

‘அவர்களுக்கென்ன குறை? இலட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் குடியா முழுகிவிடும்?’ என்று கேட்போர் உண்டு. ‘தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே கொடுத்தார்கள்? இதில் தியாகம் எங்கே வந்தது?’ என்று முகம் சுளிப்போரும் உண்டு. இவ்விரு கேள்விகளையும் கேட்பவர்கள் விமானிகளின் தொழில் எவ்வாறு நடக்கிறது என்பதை அறியாதவர்கள்.

அமெரிக்க விமானியின் வாழ்வை ஆள்வது பணிமூப்புப் பட்டியல். எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரில் தங்குவது, பண்டிகை நாளில் விடுமுறை கிடைக்குமா கிடைக்காதா என்பதையெல்லாம் பட்டியலில் அவர் பெயர் நிற்கும் இடமே முடிவு செய்கிறது. ஆட்குறைப்பும் அப்படித்தான். கடைசியில் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும். அவர் பயிற்சிக்காக வாங்கிய கடனை இன்னும் அடைத்து முடிக்காதவராக இருப்பார். பட்டியலின் மேல்வரிசையில், பெரிய விமானத்தின் இடப்பக்க இருக்கையில் அமர்ந்திருக்கும் நரைத்த தலைமை விமானிக்கோ அந்த அக்டோபர் முதல் நாளால் எந்தத் தீங்கும் இல்லை. கீழே உள்ள 2,850 பேரும் போயிருந்தாலும் அவர் இருக்கை அசைந்திராது. பேசாமல் இருந்திருந்தாலே போதும். அவர் ஊதியம் முழுதாக வீடு வந்து சேர்ந்திருக்கும். அவ்வாறு இருந்தும் அவர்களுள் பெரும்பாலோர் ‘என் மணிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று கையொப்பமிட்டார்கள் என்றால், அதைத் தன்னலம் என்று அழைக்க நாக்கு கூச வேண்டாமா?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இவர்கள் ஏமாற்றத்தை அறியாதவர்கள் அல்லர். 2004ஆம் ஆண்டில் டெல்டா விமானிகள் நிறுவனத்தைத் திவாலிலிருந்து காக்க ஊதியத்தில் 32.5 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தனர். மறு ஆண்டே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2006இல் விமானிகளின் ஓய்வூதியத் திட்டமும் கைவிடப்பட்டது. யுனைடெட்டின் ஓய்வூதியத் திட்டங்களும் 2005இல் அவ்வாறே கைகழுவப்பட்டன. 2020இல் பட்டியலின் மேல்வரிசையில் இருந்தவர்கள் அக்காலத்தை வாழ்ந்து கடந்தவர்களே. யுனைடெட் வாக்கெடுப்பில் கணிசமானோர் ‘இல்லை’ என்று வாக்களித்தார்கள் என்றால், அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல நான் துணியேன். சூடுகண்ட பூனையின் அச்சம் அது. சூடுபட்ட பின்பும் கை நீட்டியவர்களின் பெருமை அதனால் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

இதுவரை சொன்னது புகழுரை. ஆனால் புகழோடு நிறுத்திக்கொண்டால் உண்மைக்குத் துரோகம் செய்தவனாவேன். ஏனெனில் தியாகத்தைப் போற்றும் கூட்டத்தில் உரத்துக் கைதட்டுபவர்கள் யாரென்று பாருங்கள்: பெரும்பாலும் அத்தியாகத்தால் பணம் மிச்சப்படுத்தியவர்களே.

2003ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திவாலின் விளிம்பில் நின்றது. ‘கொடுங்கள், இல்லையேல் எல்லாம் போகும்’ என்று நிர்வாகம் கெஞ்சியது. கெஞ்சலில் மிரட்டலும் கலந்திருந்தது. விமானிகள், பணிப்பெண்கள், தரைப் பணியாளர்கள் ஆகியோரின் சங்கங்கள் கசப்போடு இசைந்தன. எல்லோருமாக விட்டுக்கொடுத்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கோடி டாலர். அதில் விமானிகளின் பங்கு மட்டும் 66 கோடி. மை காயவில்லை. உயர் அதிகாரிகள் நிறுவனத்தைவிட்டுப் போகாமல் இருப்பதற்கென்று அவர்களுக்குத் தனி ஊக்கத்தொகை பேசப்பட்டிருந்தது என்பதும், திவாலானாலும் அவர்களுடைய ஓய்வூதியம் மட்டும் பாதிக்கப்படாதவாறு 4 கோடி டாலருக்கு மேல் தனி அறக்கட்டளையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது என்பதும் அப்போதுதான் வெளிவந்தன. தொழிலாளர் வாக்களித்து முடியும்வரை அச்செய்தி அவர்கள் காதுக்கு எட்டவில்லை. கொதிப்பு அடங்காமல் போகவே ஊக்கத்தொகை கைவிடப்பட்டது. தலைமை நிர்வாகி டொனால்ட் கார்ட்டி அம்மாதமே பதவி விலகினார்.

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்று கேலியாகச் சொல்வோம். இங்கே படைக்கு அனுப்பப்பட்டவர்கள் ஒரு சாரார். பந்தியில் அமர்ந்தவர்கள் வேறொரு சாரார். எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உரை எழுத முடியுமா?

ஆகவே இரண்டைப் பிரித்தறிய வேண்டும். கொடுக்காவிட்டாலும் தன் நிலை குலையாது என்று தெரிந்த ஒருவன், குலையப்போகிறவனுக்காகத் தன் பங்கைக் குறைத்துக்கொள்வது ஈகை. கழுத்தில் கத்தியை வைத்து, கணக்கை மறைத்து, ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்லி வாங்குவது கப்பம். இரண்டும் சம்பளச் சீட்டில் ஒரே கழிவாகத்தான் தோன்றும். ஆனால் முன்னதில் மனிதன் உயர்கிறான், பின்னதில் ஏமாறுகிறான். நிர்வாகங்கள் கப்பத்தை வாங்கிக்கொண்டு அதற்கு ஈகை என்று பெயர் சூட்டுகின்றனவே, அந்தப் பெயர் சூட்டலைத்தான் நான் எதிர்க்கிறேன்.

2020இன் ஈகையும் இந்தக் கறையிலிருந்து முழுவதும் தப்பியதென்று சொல்வதற்கில்லை. பெருந்தொற்றை யாரும் வரவழைக்கவில்லை, உண்மைதான். ஆனால் மழைக்காலம் வருமென்று தெரிந்தும் கூரையை விற்றவர் யார்? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் பெருந்தொற்றுக்கு முன்பு வரையிலான ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுத் தன் பங்குகளைத் தானே சந்தையில் வாங்கிக் குவித்தது. அப்படி வாங்கினால் எஞ்சிய பங்குகளின் விலை ஏறும், பங்குதாரர் மகிழ்வர், பங்குகளாக ஊதியம் பெறும் மேலதிகாரிகளும் மகிழ்வர். நல்ல காலத்தில் பொங்கிய பால் அவர்கள் குவளைக்குப் போயிற்று. கெட்ட காலம் வந்ததும் வரி செலுத்துவோரிடம் ஒரு கையையும், தொழிலாளியிடம் மறு கையையும் நீட்டினர். உதவித் தொகை தந்த சட்டமே, இனிச் சில காலம் இவ்வாறு பங்குகளை வாங்கலாகாது என்று தடை விதிக்க நேர்ந்ததென்றால், அரசும் இதை அறிந்திருந்தது என்றுதானே பொருள்?

ஈகைக்கு ஏற்ற மண் எது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் டெல்டா பல ஆண்டுகளுக்குப் பின் நட்டத்தைக் கண்டது. எனினும் அக்காலத்தில் ஊழியருக்கு ஊதிய உயர்வு வழங்கியது. அந்த நன்றி மறவாத ஊழியர்கள், மூன்று விமானப் பணிப்பெண்கள் முன்னின்று நடத்திய இயக்கத்தில், தங்கள் ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்ய ஒப்புக்கொடுத்து, 3 கோடி டாலர் விலையுள்ள போயிங் 767 விமானம் ஒன்றை நிறுவனத்துக்கு வாங்கித் தந்தனர். 1982 டிசம்பரில் வந்து சேர்ந்த அதற்கு ‘டெல்டாவின் ஆவி’ என்று பொருள்படும் பெயரிட்டனர். இன்றும் அட்லாண்டாவிலுள்ள அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. அங்கே முதலில் கொடுத்தவர் முதலாளி. தொழிலாளி கொடுத்தது கைம்மாறு. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தில் விமானிகளிடமிருந்து மூன்றில் ஒரு பங்கு ஊதியம் பறிபோனதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், அருங்காட்சியகத்தில் நிற்பது விமானம் மட்டும்தானா என்ற ஐயம் எழுகிறது.

‘சுமை கூடினால் சிலரை இறக்கிவிடுவதுதானே படகுக்கு நல்லது?’ என்பார் சிலர். வணிகக் கணக்கிலேயே அது பிழை. பயணிகள் விமானத்தை ஓட்டும் விமானி 90 நாளுக்குள் மூன்று முறையாவது விமானத்தை எழுப்பி இறக்கியிருக்க வேண்டும். தவறினால் மீண்டும் தகுதியை நிறுவ வேண்டும். ஒருவர் நீக்கப்பட்டு, ஒவ்வொருவராகக் கீழிறக்கப்பட்டு வேறு வகை விமானத்துக்கு மாறினால், அத்தனை பேருக்கும் புதிதாகப் பயிற்சி தேவை. 2022இல் பயணிகள் வெள்ளமெனத் திரும்பியபோது நடந்ததென்ன? முன்கூட்டி ஓய்வு கொடுத்து அனுப்பிய நிறுவனங்கள் ஆளின்றித் திணறின. கோடைக்காலம் முழுவதும் விமானங்கள் ரத்தாயின. ‘மிகை’ என்று எழுதப்பட்டவர்கள் ஈராண்டுக்குள் ‘பற்றாக்குறை’ ஆனார்கள். 2020இல் மூத்தவர்கள் காப்பாற்றியது தம்பிமாரின் குடும்பங்களை மட்டுமன்று, நிறுவனத்தின் நாளையையுந்தான்.

அதற்கான நன்றி கிடைத்ததா? 2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்காண்டில் 34 விழுக்காடு ஊதிய உயர்வு தரும் ஒப்பந்தத்தைப் பெற்றனர். ஆனால் அது நன்றிக்கடனாக வந்ததன்று. விமானி கிடைக்காத காலத்தில் சங்கம் ஒன்றாய் நின்று பேரம் பேசி வாங்கியது. அந்த ஒற்றுமைக்குப் பின்னால் 2020இன் பகிர்வு இருந்தது என்பேன். இளையவனைக் கடலில் தள்ளிவிட்டுக் கரையேறிய சங்கம், பின்னர் எந்த முகத்தோடு அவனை உடன் நிற்க அழைக்கும்?

ஆகவே விட்டுக்கொடுக்கும்படி தொழிலாளியைக் கேட்க வருகிறவர் எவராயினும், நான்கைக் கையில் ஏந்தி வரட்டும். முதலாவது, திறந்த கணக்கு: எவருடைய ஓய்வூதியம் எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்பது உட்பட. இரண்டாவது, முதல் வெட்டு மேலிருந்து: அறிக்கையில் மட்டுமன்றி, பங்குகளாக வரும் ஊதியத்திலும். மூன்றாவது, குறித்த நாள்: கடன் வாங்குகிறவர் திருப்பித் தரும் நாளைச் சொல்வதில்லையா? நான்காவது, காக்கப்படும் வேலைகளின் எண்ணிக்கை எழுத்தில். யுனைடெட்டிலும் டெல்டாவிலும் கடைசி இரண்டு இருந்தன; அதனால்தான் அந்த உடன்பாடுகளை மதிக்கிறோம். நான்கும் இல்லாத இடத்தில் ‘தியாகம்’ என்ற சொல்லை நிர்வாகத்தின் வாயிலிருந்து கேட்க நேர்ந்தால், காதைப் பொத்திக்கொள்வதே அறிவுடைமை.

ஆனால் அந்தச் சொல்லை வெறுத்துவிடாதீர்கள். கள்ள நாணயம் புழங்குவதால் நல்ல நாணயத்தை எறிந்துவிடுவோமா? பட்டியலின் மேலே பத்திரமாக அமர்ந்திருந்த ஒருவர், முன்பின் அறியாத ஓர் இளைஞனின் பெயர் கீழே அடிக்கப்படவிருந்ததைப் பார்த்துத் தன் மணிகளைக் குறைத்துக்கொண்டார். அவருக்கு மிஞ்சவில்லை, ஆயினும் கொடுத்தார். நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பட்டியலில் யாரோ சிலருக்கு மேலே இருக்கிறோம். கீழே கோடு விழும் நாளில் நம் பேனா என்ன எழுதும் என்பதை நம் மனச்சான்றுதான் சொல்ல வேண்டும்.