எடை காவல் காக்காது

"நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது சார்." பழைய இரும்புப் பெட்டி விற்கிற கடையில் முதலில் காதில் விழும் வாசகம் இதுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் கேட்டிருக்கிறேன், சென்னைக் காயலான் கடைகளிலும் கேட்டிருக்கிறேன். நாணயம் சேர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் அங்கும் இதே பேச்சு: "இப்ப வர்றதெல்லாம் தகரம். பழசு ஒண்ணு பார்த்து வாங்கிப் போடுங்க. அரை டன் இருந்தா நிம்மதியாத் தூங்கலாம்." இந்த நம்பிக்கை தவறானது. பாதி வாழ்நாள் தேடிச் சேர்த்த காசுகளைப் பறிகொடுக்க வைக்கும் தவறு.

அந்த எடை எங்கிருந்து வருகிறது? பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை வணிகர்களின் கணக்குப் புத்தகங்களையும் பத்திரங்களையும் தீயிலிருந்து காப்பாற்றச் செய்யப்பட்டவை. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஜிப்சமோ படிகாரமோ கான்கிரீட்டோ அடைத்திருப்பார்கள். கனம் பெரும்பாலும் இந்த அடைப்புடையது. எஃகு நாம் நினைப்பதைவிடக் குறைவு. தீப்பிடித்தால் அடைப்பில் பொதிந்த நீர் ஆவியாகி, உள்ளே சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும். காகிதம் கருகாமலிருக்க உட்புறம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சோதனை விதி. அருமையான ஏற்பாடுதான், ஆனால் காகிதத்துக்கு! வெள்ளி உருகுவதற்கு 961 டிகிரி வேண்டும், செம்புக்கு 1,085. ரூபாய் நோட்டுச் சேர்ப்பவருக்கு உதவும் பெட்டியை நாணயம் சேர்ப்பவர் தலையில் கட்டுகிறார்கள்.

திருடனைத் தடுக்குமே என்பார்கள். ஒரு பெட்டியின் வலிமையை உலகம் எதைக் கொண்டு அளக்கிறது என்று பாருங்கள். 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், யாராலும் திறக்க முடியாது என்று பெயரெடுத்திருந்த 'சப்' பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். 'பிராமா' பூட்டு 50 மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது; கடைசியில் அதுவும் திறந்துகொண்டது. திறக்க முடியாத பூட்டு என்று ஒன்று இல்லை, எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே கேள்வி என்று அன்றே தெளிவாகிவிட்டது. இன்று அமெரிக்காவில் 'டி.எல். 15' முத்திரை பெற வேண்டுமானால், வல்லுநர்கள் மின்கருவிகளோடு தாக்கும்போது கதவு 15 நிமிடம் தாங்க வேண்டும். நம் நாட்டிலும் பெட்டகங்களுக்கு ஐ.எஸ். 550 என்ற தரக் குறியீடு இருக்கிறது. கடைக்காரர் கிலோவில் சொல்கிறார்; திருடன் நிமிடத்தில் கணக்குப் போடுகிறான். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்த பெட்டி, பேட்டரியில் ஓடும் இன்றைய கிரைண்டருக்கு எதிராகச் சோதிக்கப்பட்டதே இல்லை. அதன் முதுகுத் தகட்டைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் எத்தனை பேர்?

தூக்க முடியாது என்ற பேச்சும் நிற்காது. அந்தப் பெட்டி உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது? நாலு பேர், இரண்டு கடப்பாரை, அடியில் உருட்ட மூன்று இரும்புக் குழாய், வாசலில் ஒரு மினி லாரி. வந்த வழியே போகவும் முடியும். அது இறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதன் சாவி இதுவரை எத்தனை கை மாறியது என்று விற்றவருக்கும் தெரியாது.

திருடனை விடப் பெரிய பகை உள்ளேயே இருக்கிறது. அடைப்பில் பொதிந்த நீர் தீ வரும்வரை காத்திருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். மூடிய பெட்டிக்குக் காற்றோட்டம் கிடையாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்று ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே போய்த் தங்குகிறது. ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொன்ன சைவ சித்தாந்திகளுக்குத் தெரியும், அது செம்போடு கூடவே இருப்பது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் அது விழித்துக்கொள்ளும். நான் முதலில் வாங்கியதும் இப்படி ஒரு பெட்டிதான். இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு ராஜராஜன் காசை எடுத்தேன். ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவத்தின் பக்கத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று நாகரி எழுத்து. அந்த எழுத்தின் மேல் வெளிர்பச்சைப் பொடி. ஊதியதும் போயிற்று, எழுத்தில் பாதியும் அதோடு போயிற்று. ஈயக் காசுகளுக்கு வேறு ஆபத்து. பழைய பெட்டியின் மர இழுப்பறை வெளியிடும் அமில ஆவி பட்டால் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

இது சில்லறை இழப்பு அல்ல. தமிழி எழுத்தில் 'பெருவழுதி' என்று பொறித்த பாண்டியர் செப்புக் காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டு வெளிப்படுத்தியபோது, இலக்கியத்தில் படித்த பெயருக்குக் கையில் பிடிக்கும் சான்று கிடைத்தது. அந்தச் சான்று முழுவதும் சில மில்லிமீட்டர் உயர எழுத்துகளில் இருக்கிறது. களிம்பு தின்பது அந்த எழுத்தைத்தான்.

எடையால் வரும் இன்னொரு கேட்டையும் சொல்ல வேண்டும். குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்று கணக்கிட்டே வடிவமைக்கிறார்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் 500 கிலோ பெட்டி நின்றால், அந்த இடத்தில் விழும் பாரம் அதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. ஆகவே "கீழ் வீட்டில் வையுங்கள்" என்பார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் தண்ணீர் முதலில் புகுந்தது கீழ் வீடுகளுக்குள்தான். நள்ளிரவில் வெள்ளம் ஏறும்போது ஆல்பத்தை மாடிக்குத் தூக்கலாம், அரை டன்னைத் தூக்க முடியுமா? தீயைத் தாங்கும் பெட்டி தண்ணீரையும் தாங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

பழைய பெட்டியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. வங்கியோ நகைக்கடையோ பயன்படுத்திய, தரமுத்திரை உள்ள பெட்டி குறைந்த விலைக்கு வந்தால் வாங்கலாம். துளை போட்டு அடைத்துப் பெயின்ட் பூசிய தடம் இருக்கிறதா என்று பார்த்து, பூட்டை மாற்றிவிட வேண்டும். அதைவிட நல்லது, முத்திரை பெற்ற சிறிய பெட்டியை மாடியில் சுவரோரம் வைத்து, கட்டடப் பொறியாளரைக் கேட்டு ஆங்கர் போல்ட்டால் தளத்தோடு இறுக்குவது. 80 கிலோ பெட்டியும் அப்போது அசையாது. சிலிகா ஜெல் போடுங்கள், நிறம் மாறியதும் காயவையுங்கள். ஈரமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்று உள்ளே இருக்கட்டும். பி.வி.சி. உறைகளைத் தூக்கி எறியுங்கள். ஒவ்வொரு காசையும் இருபுறமும் படமெடுத்து, எடை, அளவோடு பதிவேட்டில் எழுதி, அதன் நகலை வேறு வீட்டில் வையுங்கள். களவு போனால் போலீஸிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

அடுத்த முறை கடைக்காரர் பெட்டியைத் தட்டி எடையைச் சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: கிரைண்டரை எத்தனை நிமிடம் தாங்கும்? உள்ளே ஈரம் எவ்வளவு? பதில் இல்லையென்றால், அந்தப் பெட்டியை இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தும் வாங்காதீர்கள்.