வெள்ளிக்கு விற்ற வரலாறு

ஏட்டுச் சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதும், அடுப்பில் இட்டதும், செல்லுக்கு இரையாக்கியதும் தமிழினம் தனக்குத் தானே இழைத்துக்கொண்ட கேடுகள். எஞ்சியவற்றை உ.வே. சாமிநாதரும் சி.வை. தாமோதரரும் தேடியெடுத்து அச்சேற்றியிராவிடில், கழகநூல்கள் பலவற்றின் பெயரன்றிப் பிறிதொன்றும் இன்றைய தமிழர்க்குக் கிட்டியிராது. அவ்விழப்பை எண்ணி வருந்துவோர் பலர். ஆனால், அச்சும் நூலகமும் சட்டமும் வந்துவிட்ட இருபதாம் நூற்றாண்டில் அதே கேடு மீண்டும் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. இம்முறை அழிந்தவை ஏடுகள் அல்ல, திரைப்படச் சுருள்கள்.

முதல் உலகப்போர்க் காலத்தில், உந்துவண்டி வணிகராயிருந்த ஆர். நடராச முதலியார் சென்னையில் 'கீசகவதம்' எனும் ஊமைப்படத்தை எடுத்தார். தென்னாட்டுத் திரைப்படத்திற்குக் கால்கோள் அதுவே. இன்று அதன் ஒரு சுருளும் இல்லை. அதன்பின் தென்னாட்டில் எடுக்கப்பெற்ற ஊமைப்படங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் எஞ்சியதாக அறியப்படுவது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. நாகர்கோவில் சுந்தரராசு எடுத்த அப்படம் பிழைத்த வகை வியப்பிற்குரியது. அதன் மூலமான புதினத்தின் பதிப்புரிமையாளர் வழக்குத் தொடுத்தார், படம் முடக்கப்பட்டது, சுருள்கள் திருவனந்தபுரத்துப் புத்தகக் கடையொன்றில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அவற்றைப் பெற்றது. ஊர் ஊராய் ஓடிய படங்களெல்லாம் அழிந்தன; வழக்கில் சிக்கி ஓடாது நின்ற படம் தப்பியது. காப்பாற்றியது காவலன்று, வழக்கு!

1931 அக்தோபர் 31இல் வெளிவந்த 'காளிதாசு' தமிழ் பேசிய முதற்படம். தலைவியாக நடித்த டி.பி. இராசலட்சுமி தமிழிலும், தலைவனாக நடித்தவர் தெலுங்கிலும் பேசினர். இராசலட்சுமியே பின்னர் 1936இல் 'மிசு கமலா' எனும் படத்தை இயக்கித் தமிழின் முதற் பெண் இயக்குநர் ஆனார். இவ்விரு படங்களுள் எதுவும் இன்று இல்லை. பாட்டு நூலும் விளம்பரத் தாளும் உள்ளன; படம் இல்லை. மணமக்கள் இல்லாத வீட்டில் மண அழைப்பிதழ் மட்டும் மாட்டியிருப்பதை ஒக்கும் இது.

அழிவிற்குக் கரணியங்கள் பல. அந்நாளைய சுருள் நைத்திரேற்றால் ஆகியது, எளிதில் தீப்பற்றுவது, பற்றினால் நீராலும் அணையாதது. எரியாது தப்பினும், வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டில் ஒட்டிப் பிசுபிசுத்துத் தூளாவது. 1950ஐ ஒட்டி வந்த அசிற்றேற்றுச் சுருளும் பேணாவிடில் காடி நாற்றம் எடுத்துச் சுருங்குவது. இவை இயற்கையின் கேடு.

இதனினும் பெரிது மாந்தர் செய்த கேடு. பேசும்படம் வந்தபின் ஊமைப்படத்திற்கு விலையில்லை. ஓடி முடிந்த படம் இடத்தை அடைத்துக்கொள்ளும் சுமையாயிற்று. சுருளின் மேற்பூச்சில் வெள்ளி உண்டு; அதைப் பிரித்தெடுப்போர்க்கு நிறுத்து விற்றனர். 'காளிதாசு' படத்தை எடுத்த பம்பாய் நிறுவனமே 1931இல் எடுத்த 'ஆலம் ஆரா'வும், தயாரித்தவர் குடும்பத்தாராலேயே இவ்வாறு வெள்ளிக்காக அழிக்கப்பட்டதென்று காப்பகத்தை வளர்த்த பி.கே. நாயர் கூறியுள்ளார். காப்பகமே 1964இல்தான் தோன்றியது. நோயாளி இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து மருத்துவன் வந்தான்! வந்தபின்னும் 2003இல் புனேயில் பற்றிய தீ, எஞ்சிய பழஞ்சுருள்கள் பலவற்றைத் தின்றது.

செல்வம் மிக்க அமெரிக்காவும் இதில் தப்பவில்லை. அங்கு எடுக்கப்பெற்ற 10,919 ஊமை முழுநீளப் படங்களுள் முதல் வடிவில் முழுமையாக எஞ்சியவை நூற்றுக்குப் பதினான்கே என்று அந்நாட்டுப் பேராய நூலகம் 2013இல் கணக்கிட்டு வெளியிட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் இழந்ததை எண்ணி வைத்துள்ளனர். இழந்ததை எண்ணத் தெரிந்தவனே இருப்பதைக் காப்பான்.

"அப்படங்கள் பழங்கதைக் குப்பை, வடசொல் மலிந்த மணிப்பவள நடை, அவை அழிந்ததால் தமிழுக்கு இழப்பென்ன?" என்று தமிழன்பர் சிலர் வினவலாம். வினவுதற்கு முன் அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மொழி எவ்வளவு கலப்புற்றிருந்தது என்பதற்கும், எவ்வளவு தெளிவுற்றது என்பதற்கும் சான்று வேண்டாவா? 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சிக்குப் பின் தமிழர் வாய்மொழி படிப்படியாய் மாறியதை மெய்ப்பிக்க, 1931இன் குரலும் வேண்டும். 1951இன் குரலும் வேண்டும். அழுக்குத் துணியைக் காட்டாமல் வெளுத்த துணியின் பெருமையை எவ்வாறு நிறுவுவது? எழுத்தில் உள்ளது எழுதினோர் மொழி. ஒலியில் உள்ளது பேசினோர் மொழி. தாத்தனும் பாட்டியும் கொட்டகையில் கேட்டு மகிழ்ந்த முதற்பேச்சைப் பேரன் கேட்கவே இயலாதெனில், அது குப்பை கழிந்ததன்று, காது இழந்தது.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. நூல் வெளியிடுவோர் ஒரு படியைக் கன்னிமரா நூலகத்திற்கு விடுத்தல் வேண்டுமென 1954ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அதுபோன்றே, வெளியாகும் ஒவ்வொரு படத்தின் நல்ல படியொன்றையும் காப்பகத்தில் ஒப்படைக்கச் சட்டம் வேண்டும். இரண்டாவது, புனேயை நோக்கிக் காத்திராமல், குளிரூட்டிய அறைகள் கொண்ட திரைப்படக் காப்பகமொன்றைத் தமிழக அரசு சென்னையிலேயே நிறுவுதல் வேண்டும். மூன்றாவது, பரண்களிலும் பழைய கொட்டகைகளிலும் கிடக்கும் தகரப் பெட்டிகளைத் திறந்து பாராமல் எடைக்குப் போடும் வழக்கம் ஒழிதல் வேண்டும். கணிப்பொறி வட்டில் ஏற்றிவிட்டால் போதுமென்று இருத்தலும் ஆகாது. அவ்வட்டும் சில ஆண்டுகளில் பழுதுறும். அடுத்தடுத்துப் படியெடுப்பதே காவல்.

ஏட்டைத் தீயிலிட்ட முன்னோர்க்கு அதன் அருமை தெரியாது. அதனால் அவர்களைப் பொறுக்கலாம். அருமை தெரிந்தும் வாளாவிருப்போரைப் பின்னோர் பொறார். எங்கோ ஒரு பரணில் இன்னும் ஒரு பெட்டி இருக்கலாம். அது எடைக்குப் போகுமுன் ஒரு தமிழன் கை அதன்மேல் படுக!