பாட்டரிக்குப் பொட்டு!

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் மாடிக்கு மாடி சூரியத் தகடு ஏறி வருகின்றது. 2024-ம் வருஷம் மத்திய சர்க்கார் 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்ததும் அதற்கு ஒரு காரணம். சந்தோஷமே. ஆனால் கூடவே வாங்கும் பாட்டரியை எந்த மூலையில் வைப்பதென்று வாஸ்துக்காரனைக் கேட்கின்றார்கள். ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனமும் பொட்டும் வைக்கின்றார்கள். அது எதனால் ஆனது, யார் தோண்டியது, செத்தபின் எங்கே போகின்றதென்று கேட்பவரை மாத்திரம் நாம் காணோம்.

கடையில் 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் ஈயப் பாட்டரி என்றால் கணக்குக்கு 1,800 வாட்-மணி. தினம் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையுமாதலால் கைக்கு வருவது 900தான். 100 ஆம்பியர்-மணி, 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் நூற்றுக்கு எண்பது எடுத்தாலே 1,024 வரும்; ஆயுளும் பல மடங்கு.

"ஈயத்தைத் திரும்ப உருக்கிக் கொள்ளலாமே" என்பார்கள். ஒழுங்கான ஆலையில் சரி. காயலான் கடை வழியாகப் போவதை வேறு பிழைப்பில்லாத ஏழையல்லவா கையால் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்குகின்றான்? உலகக் குழந்தைகளில் மூன்றிலொன்றின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2020-ல் சொல்லிற்று. ஈயம் மூளையைக் கெடுக்கும். பிள்ளைக்குப் படிப்பேறவில்லையென்று ஜோசியனிடம் ஓடுகிறவர்கள் இதை யோசிக்கட்டும்!

சரி, லித்தியம் என்றால் எல்லாம் யோக்கியமா? அதுவும் இல்லை. நிக்கல், கோபால்ட் கலந்த ஜாதியும் உண்டு. உலகக் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருவது. அங்கே சிறுவர்களும் தோண்டுவதை 2016-ல் ஆம்னஸ்டி சங்கம் வெளிப்படுத்திற்று. காருக்கு எடை குறைய வேண்டும், அதனால் அதைத் தேடுகின்றார்கள். சுவரோரம் அசையாது நிற்கும் பெட்டிக்கு எடை குறைந்து என்ன பிரயோஜனம்? இரும்பு பாஸ்பேட்டில் கோபால்ட்டுமில்லை, நிக்கலுமில்லை. தீப்பிடிக்கும் பயமும் குறைவு. குற்றமே அற்றதென்று நாம் சொல்ல வரவில்லை. லித்தியத்துக்காக சிலி நாட்டின் வறண்ட அடகாமாவில் உப்புநீரை இறைத்து ஆவியாக்குகின்றார்கள்; அவ்வூரார் தங்கள் தண்ணீர் போகின்றதென்று முறையிடுகின்றார்கள். அத்திக்கடவுத் தண்ணீருக்கு 2024 வரை காத்திருந்த நமக்கா அந்த வேதனை புரியாது?

ஆகவே, மின்சாரம் அதிகம் நிற்காத வீட்டுக்குப் பாட்டரியே வேண்டாம். வேண்டியவர்கள் உள்ளே என்ன உப்பு என்று கேளுங்கள். 2022-ம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சேர்ந்தது. அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.